சிவப்புப் பொட்டாஷ், வெள்ளைப் பொட்டாஷ்

உலகத்தில் எங்கே போர் மூண்டாலும் ஒன்றிரண்டு மாதத்தில் அது புளியங்குடி உரக்கடைக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது அண்ணாச்சியின் அனுபவக் கணக்கு. கப்பல் தூத்துக்குடியில் சரக்கை இறக்கி, மூட்டை பிடித்து, லாரி ஏற்றி, திருமங்கலம் - கொல்லம் சாலையோரம் இருக்கும் அவர் கடை வாசலுக்கு வர ஆகும் காலம் அது. அப்பா தொடங்கிய கடை. 1990களின் தொடக்கத்தில் இவர் கல்லாவில் உட்கார்ந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையிலும் அவர் அண்ணாச்சிதான்.

வெளியுறவுக் கொள்கையைப் பற்றி டெல்லியில் புத்தகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கிட்டங்கியில் அடுக்கி விற்கிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை. மொராக்கோ, பெலாரஸ், ஜோர்டான், சவுதி அரேபியா, கனடா என்று அண்ணாச்சி சொல்லும் ஊர்ப் பெயர்கள் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்தவை அல்ல. சரக்கு வந்தபோதும், வராமல் நின்றபோதும் தெரிந்துகொண்டவை.

புளியங்குடியின் பேர் எலுமிச்சையால் நிற்கிறது. இங்கே ஏலம் போகும் காய் மலை தாண்டிக் கேரளாவுக்கும் போகும். இப்போது புவிசார் குறியீடும் இந்த எலுமிச்சைக்கு உண்டு. ஆறு வயது கடந்த ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 600 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காயில் சாறு பிடிக்கவும் தோல் மினுங்கவும் வேண்டியது அந்தச் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். ஏக்கருக்கு 160 மரம் என்றால் ஒன்றரை மூட்டைக்கு மேலே ஆகும். அந்தப் பொட்டாஷில் ஒரு கைப்பிடிகூட இந்திய மண்ணில் தோண்டி எடுத்ததல்ல. முழுக்க இறக்குமதி.

கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரும் பொட்டாஷ் பெரும்பாலும் சிவப்பு. சாக்கடல் தண்ணீரிலிருந்து எடுக்கும் இஸ்ரேல், ஜோர்டான் சரக்கு வெள்ளை. ஒரே கடலின் இரு கரையில் இரண்டு நாடுகள். இரண்டின் சரக்கும் அண்ணாச்சியின் கிட்டங்கியில் ஒரே அட்டியில் கிடந்ததுண்டு. பாலஸ்தீனத்தை 1988-ல் தனி நாடாக அங்கீகரித்த இந்தியா, 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவைத் தொடங்கியது. சோவியத் யூனியன் கலைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய துணை போனதும் புதிய வாசல்களைத் தட்ட வேண்டிய நிலை. அரபு நாடுகளின் எண்ணெயும் வேண்டும், இஸ்ரேலின் ஆயுதமும் வேண்டும், இரு கரைப் பொட்டாஷும் வேண்டும் என்ற நாடு எந்தப் பக்கமும் முழுசாகச் சாய முடியாது. விவசாயிகளுக்குச் சிவப்பின் மேல்தான் நம்பிக்கை. சத்து இரண்டிலும் ஒன்றுதான் என்று அண்ணாச்சி சொன்னாலும் சிலர் வெள்ளையைத் தொட மாட்டார்கள்.

அந்தச் சிவப்புக்குத்தான் 2022-ல் ஆபத்து வந்தது.

உக்ரைன் போருக்கு முன்பே அறிகுறி தெரிந்தது. உலகப் பொட்டாஷ் வணிகத்தில் ரஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது சதவீதம். பெலாரஸுக்குக் கடற்கரை கிடையாது; அதன் பொட்டாஷ் லித்துவேனியாவின் கிளைப்பேடா துறைமுகம் வழியாகத்தான் அப்போது வெளியே போனது. அமெரிக்க, ஐரோப்பியத் தடைகளைத் தொடர்ந்து லித்துவேனியா 2022 பிப்ரவரி 1 முதல் அந்த ரயில் பாதையை மூடியது. அதே மாதம் 24-ம் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. சென்னையில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் இந்தியன் பொட்டாஷ் லிமிடெட் ஆண்டுதோறும் போடும் கொள்முதல் ஒப்பந்த விலையை உலகச் சந்தையே கவனிக்கும். 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 247 டாலர் என்று பேசிய நிறுவனம், 2022-ல் 590 டாலர் கொடுத்தது. கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த மூட்டை 1,700 ரூபாய் ஆனது.

“எங்கனயோ சண்ட நடக்கு, நம்ம மரத்துக்கு ஏன் அண்ணாச்சி வெல ஏறணும்?” என்று தோப்புக்காரர் ஒருவர் கேட்டார். அண்ணாச்சி அவரை உட்காரவைத்து, பழைய சாக்கு ஒன்றை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த நாட்டின் பெயரைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தத் தோப்புக்காரர் மூட்டை எடுக்கும்போதெல்லாம் முதலில் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கிறார்.

2022 மார்ச் 2-ம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. அந்த 35-ல் இந்தியாவும் ஒன்று. ‘இந்தியா ஏன் வாய் திறக்கவில்லை’ என்று பத்திரிகைகளில் கேள்வி எழுந்தபோது அண்ணாச்சிக்கு அது புதிராக இருக்கவில்லை. ராணுவத் தளவாடமும் கச்சா எண்ணெயும்தான் பெரிய காரணங்கள் என்பது அவருக்கும் தெரியும். உரம் மூன்றாவதாகத்தான் நிற்கும். ஆனால் ஆனி, ஆடியில் யூரியாவும் டிஏபியும் இல்லாமல் போனால் தேர்தலில் தோற்கக்கூடிய ஒரு நாட்டின் அரசுக்கு அந்த மூன்றாவது காரணம் சின்னதல்ல. அமெரிக்காவும் தன் தடைகளிலிருந்து உரத்துக்கு விலக்கு கொடுத்தது. பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ரஷ்ய உரம் வேண்டியிருந்தது. பணம் அனுப்ப வங்கிகள் தயங்கின, கப்பல் காப்பீடு இழுத்தடித்தது, எல்லாம் கடந்து சரக்கு வந்தது. 2022-23-ன் முதல் பாதியில் ரஷ்யா முதன்முறையாக இந்தியாவுக்கு உரம் விற்கும் நாடுகளில் முதலிடத்துக்கு ஏறியது. ஒதுங்கி நின்றது சரியா தப்பா என்று வாதாடலாம். உக்ரைனில் வீடிழந்தவர்களை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆண்டு பிசான நெல் பருவத்துக்குச் சரக்கு கிடைத்ததில் அந்த ஒதுங்கலுக்குப் பங்கு இருந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அப்பா காலத்துக் கதை வேறு மாதிரி. அப்போது யாரிடமும் ஒதுங்கி நிற்கும் வசதி நாட்டுக்கு இல்லை.

தென்னாட்டில் பெரிய உர ஆலை பிறந்ததே ஒரு போரால்தான். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. இன்றைய தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1-ல்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் முயற்சியிலும் திருச்சி சேஷசாயி சகோதரர்களின் பொறுப்பிலும் 1943-ல் ஃபாக்ட் நிறுவனம் தொடங்கியது. ஆலுவாய் அருகே ஏலூரில் எழுந்த ஆலையில் 1947-ல் உற்பத்தி ஆரம்பித்தது. அண்ணாச்சியின் அப்பா முதன்முதலாக விற்றது அந்த ஆலையின் அமோனியம் சல்பேட்டைத்தான். இன்றும் கடையில் ஃபாக்டம்பாஸ் கேட்டு வருகிறவர்கள் அதன் வம்சத்தைக் கேட்டுத்தான் வருகிறார்கள்.

அப்பா அடிக்கடி சொன்ன இன்னொரு பெயர் சி. சுப்பிரமணியம். 1965-ல் பாகிஸ்தானோடு போர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. மழையும் பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தில் வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி ரேஷன் கடை நடந்த காலம். அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். திங்கள்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த நவம்பரில் ரோம் நகரில் உணவு அமைச்சர் சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் சந்தித்துப் போட்ட உடன்பாட்டில்தான், விவசாயத்துக்குக் கூடுதல் முதலீடு, உர ஆலைகளில் தனியாருக்கு இடம் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. சுப்பிரமணியம் அந்தக் கொள்கையை ஏற்கெனவே விரும்பியவர். ஆனால் அது இன்னொருவர் கையில் கோதுமை இருக்கும்போது கையெழுத்தானது. மறு ஆண்டு வியட்நாமில் அமெரிக்கக் குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லி இந்திரா காந்தி மாஸ்கோவில் சோவியத் தலைவர்களோடு சேர்ந்து அறிக்கை விட்டபோது ஜான்சனின் கோபம் கோதுமைக் கப்பலில்தான் வெளிப்பட்டது. தன் சோற்றுக்குப் பிறரை நம்பும் நாடு எவ்வளவு தூரம் வாய்விட்டுப் பேச முடியும் என்பதை அப்பா அப்போது தெரிந்துகொண்டார். ஐ.ஆர்.8 நெல் வந்து உரத்துக்கு வரிசை நின்றது அதற்கு அடுத்த கதை.

அண்ணாச்சி கல்லாவுக்கு வந்த காலமும் ஒரு போரை ஒட்டியதுதான். 1990-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்து, இந்தியாவின் அந்நியச் செலாவணி தீரும் நிலைக்கு வந்தது. 1991 பட்ஜெட்டில் உர விலையை ஏற்றினார்கள். 1992 ஆகஸ்டில் டிஏபி, பொட்டாஷ் மீதான விலைக் கட்டுப்பாடு போனது. பொட்டாஷ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் இருந்தது. விவசாயி மலிவானதை அள்ளிப் போட்டார். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. இலை கருகருவென்று இருக்கும், காய் பிடிக்காது, பூச்சி விழும். மண்ணுக்கு வந்த இந்த நோயின் வேர் குவைத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு மிகையாகத் தோன்றும். காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

டிஏபிக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையிலும் பாஸ்பாரிக் அமிலத்திலும் மொராக்கோதான் பெரிய கை. மேற்குச் சகாராவை ஆக்கிரமித்திருக்கும் மொராக்கோவை எதிர்த்துப் போராடியவர்கள் அறிவித்த சஹ்ராவி குடியரசை இந்தியா 1985-ல் அங்கீகரித்தது. காலனி ஆட்சிக்கு எதிராக நிற்பது அன்றைய கொள்கை. 2000 ஜூனில் அந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. இரண்டு ஆண்டில் ஒடிசாவின் பாரதீப் பாஸ்பேட்ஸ் ஆலையின் பெரும்பங்கு மொராக்கோ அரசு நிறுவனமும் இந்தியத் தனியார் நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்குக் கைமாறியது. ஒன்றுக்காக மற்றொன்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பாலைவனத்து அகதி முகாம்களில் இருக்கும் மக்களுக்கு அந்த விலகல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இலங்கைச் சங்கதி அண்ணாச்சிக்கு நெருக்கமானது. நெல்லைச் சீமை வியாபாரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்புத் தொடர்பு தலைமுறைக் கணக்கில் உண்டு. 2021-ல் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை விவசாயம் என்று காரணம் சொன்னார்கள். டாலர் தட்டுப்பாடும் பின்னால் இருந்தது. இயற்கை விவசாயத்தை மதிக்கிறவர் அண்ணாச்சி. புளியங்குடியிலேயே இயற்கை முறையில் எலுமிச்சை வளர்த்துப் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மண்ணைத் தேற்ற ஆண்டுக் கணக்கில் பாடுபட்டவர்கள். ஒரே உத்தரவில் அது நடக்காது என்று செய்தி வந்த அன்றே அவர் சொன்னார்.

பெரும்போக நெல்லுக்கு வேண்டிய சத்தைச் சீனாவிலிருந்து இயற்கை உரமாக வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் சரக்கோடு வந்தது. மாதிரியைச் சோதித்த இலங்கைத் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு, தீங்கான கிருமி இருக்கிறது என்று மறுத்தது. நீதிமன்றம் பணம் கொடுப்பதைத் தடுத்தது. பதிலுக்குச் சீனத் தூதரகம் இலங்கை மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில், இறக்காத சரக்குக்காக 2022 ஜனவரியில் இலங்கை 67 லட்சம் டாலர் கொடுத்தது. கடன் கொடுத்தவனோடு ஒரு சின்ன நாடு வழக்காட முடியாது.

அந்த இடைவெளியில் இந்தியா நுழைந்தது. 2021 நவம்பரில் விமானப்படையின் இரண்டு சி-17 விமானங்கள் 100 டன் திரவ நானோ நைட்ரஜன் உரத்தைக் கொழும்பில் இறக்கின. உரத்தை ராணுவ விமானத்தில் ஏற்றுவது வணிகம் அல்ல என்பதை உரக்கடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 2022-ல் யூரியா ஏற்றுமதிக்குத் தடை இருந்தபோதும் இலங்கைக்கு 65,000 டன் கொடுக்க டெல்லி சம்மதித்தது. அதற்குள் நெல் விழுந்து, அரிசி விலை எகிறி, எரிபொருளும் மருந்தும் இல்லாமல் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். அந்த ஆண்டு இந்தியா கொடுத்த உதவி ஏறக்குறைய 400 கோடி டாலர். இவ்வளவுக்கும் பிறகு ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் நின்றது. டெல்லிக்கு வருத்தம். உதவி வாங்கியவர் கடனையும் மறக்க முடியவில்லை என்பதைத்தான் அண்ணாச்சி அதில் கண்டார்.

சீனாவிடம் இந்தியாவின் நிலை இலங்கையைவிடக் கொஞ்சம்தான் மேல். 2020 ஜூனில் கல்வான் எல்லை மோதலில் இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். சீனப் பொருளைப் புறக்கணிப்போம் என்று ஊர் ஊராகப் பேச்சு எழுந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சீன டிஏபி வந்துகொண்டுதான் இருந்தது. கட்டுப்படுத்தியது சீனாதான். 2021 அக்டோபரில் ஏற்றுமதிக்கு முன் சோதனை என்று ஒரு விதி கொண்டுவந்து கதவைப் பாதி சாத்தியது. 2023-24-ல் 22 லட்சம் டன்னுக்கு மேல் வந்த சீன டிஏபி, 2024-25-ல் எட்டரை லட்சம் டன்னுக்குள் சுருங்கியது. அந்த ஐப்பசியில் கடை வாசலில் நின்ற கூட்டத்தை அண்ணாச்சி மறக்கவில்லை. கூடவே வேறு சரக்கும் எடுத்தால்தான் டிஏபி தருவோம் என்று மேலிருந்து நிர்ப்பந்தம். கைரேகை மெஷினில் விரல் வைத்து நிற்கும் பெரியவரிடம் வேண்டாத சரக்கைத் திணிக்க அவருக்கு மனம் வரவில்லை. காம்ப்ளக்ஸும் சூப்பர் பாஸ்பேட்டும் வைத்துச் சமாளிக்கச் சொல்லிக் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லி வந்தபோது பேச்சில் இருந்தவற்றில் உரமும் ஒன்று. கல்வானுக்குப் பிறகு இறுகிப்போன உறவு தளர்ந்ததற்கு அமெரிக்கா அந்த மாதம் இந்தியப் பொருள்கள் மீது ஏற்றிய 50 சதவீத வரியும் ஒரு தூண்டுதல். ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று அந்த வரியில் பாதியை வாஷிங்டன் போட்டது. ஒரு பெரிய சக்தி தள்ளினால் இன்னொன்றின் பக்கம் கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது. இடையில் நிற்பது எளிதென்று நினைப்பவர்கள் அந்த ஆண்டின் செய்திகளை வரிசையாகப் படிக்கலாம்.

கடல் வழியும் பத்திரமாக இல்லை. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், மொராக்கோவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. ஜோர்டானின் ஒரே துறைமுகமான அகாபா செங்கடலின் வடகோடியில் இருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கு நேர்வழி அந்தக் கடல் ஒன்றுதான். 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் பன்னிரண்டு நாள் போரின்போது இஸ்ரேலின் எரிவாயு நின்று எகிப்தின் யூரியா ஆலைகள் மூடின. ஈரானிலும் உற்பத்தி நின்றது. உலகச் சந்தையில் யூரியா விலை துள்ளியது.

புளியங்குடியில் மட்டும் அது துள்ளவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி 1,350 ரூபாய். இந்த விலையைப் பிடித்து நிறுத்த மத்திய அரசு கொடுப்பது கொஞ்சநஞ்சமல்ல. 2019-20-ல் சுமார் 81,000 கோடியாக இருந்த உர மானியம், 2022-23-ல் 2.51 லட்சம் கோடி. உக்ரைன் போருக்கு இந்தியா ஒரு குண்டும் சுடாமல் கட்டிய கப்பம் என்று இதைச் சொல்லலாம். மானியம் இல்லாவிட்டால் சிறு விவசாயி பிழைக்க மாட்டார் என்பதில் அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய வருத்தம் வேறு. விலை அசையாததால் அளவைக் குறைக்கவும், சாணியும் தழையும் போட்டு மண்ணைத் தேற்றவும் யாருக்கும் அவசரம் வருவதில்லை. ஏக்கருக்கு ஒரு மூட்டை மிச்சப்படுத்தும் விவசாயி வெளியுறவு அமைச்சகத்துக்கும் ஒத்தாசை செய்கிறார் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

சீன டிஏபி குறைந்த இடத்தைச் சவுதி பிடித்திருக்கிறது. 2025 ஜூலையில் சவுதி நிறுவனமான மாதனோடு இந்தியன் பொட்டாஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் போட்ட ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 31 லட்சம் டன் வரும். நல்ல செய்தி. ஆனால் மாதனின் சரக்கு ஏறும் ராஸ் அல்கைர் துறைமுகம் பாரசீக வளைகுடாவுக்குள் இருக்கிறது. ஹோர்முஸ் நீரிணையைக் கடந்துதான் கப்பல் வெளியே வர முடியும். இந்தியக் கூட்டுறவு நிறுவனங்கள் ஓமான் அரசு நிறுவனத்தோடு சேர்ந்து சூர் நகரில் கட்டிய யூரியா ஆலை அந்த நீரிணைக்கு வெளியே, திறந்த கடலோரம் அமைந்திருக்கிறது. இடத்தைப் பார்த்துக் கட்டியவர்களை அண்ணாச்சி மனமாரப் பாராட்டுகிறார்.

அவருடைய கடையில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. பிசானத்துக்கு வேண்டிய டிஏபியை ஐப்பசி வரை தள்ளாமல் ஆவணியிலேயே முடிந்த மட்டும் எடுத்து அடுக்கிவிடுகிறார். கடன் வட்டி கூடுகிறது, கிட்டங்கி நெருக்கடியாகிறது. “அடுத்த மாசம் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்று கிளம்புகிற தோப்புக்காரரிடம், பொட்டாஷ் மட்டும் இன்றைக்கே ரெண்டு மூட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார். காசு காய் விற்ற பிறகு தந்தால் போதும்.